இஸ்தான்புல் சந்தையில் ஒரு விரலி மஞ்சள்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விடுதி மெஸ்ஸின் சாம்பாரை என்னோடு பகிர்ந்துகொண்ட நண்பர்களே, அவர்களுடைய குடும்பத்தாரே, இன்றைக்கும் அந்தச் சாம்பாரைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இந்நாள் மாணவச் செல்வங்களே!

சங்கச் செயலாளர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "வெளிநாடெல்லாம் போயிட்டு வர்றீங்க, பசங்களுக்கு உபயோகமா ஒரு இருபது நிமிஷம் பேசுங்க" என்றார். எனக்கு முன்னால் பேசிய நண்பர்கள் செயற்கை நுண்ணறிவு, மின்சார வாகனம் என்று பெரிய பெரிய விஷயங்களைப் பேசிவிட்டார்கள். நான் பேசப்போவது ஒரு சந்தையைப் பற்றி. வேலை எதுவும் இல்லாமல், கடிகாரம் பார்க்காமல், ஒரு பகல் முழுக்க நான் சுற்றிய ஒரு மசாலாச் சந்தை. அந்த ஒரு பகலில் நான் கற்றுக்கொண்டதை இந்த வளாகத்தில் நான்கு வருஷம் இருந்தபோதே கற்றிருக்கலாம். அப்போது கவனிக்கவில்லை. அதனால்தான் இங்கே வந்து சொல்கிறேன்.

நான் 2009இல் இயந்திரவியல் முடித்து வெளியே போனவன். மாவு, மசாலாத் தூள் அரைக்கும் ஆலைகளுக்கு இயந்திரம் நிறுவுகிற ஒரு நிறுவனத்தில் வேலை. சொந்த ஊர் ராசிபுரத்துக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் பக்கம். ஒரு புறம் போதமலை, மறு புறம் கொல்லிமலை. சேலம், நாமக்கல் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மாம்பழம், முட்டை, லாரி, ஜவ்வரிசி, போர் போடும் ரிக் வண்டி இவைதான் ஞாபகம் வரும். எங்கள் ஊர்ப் பக்கம் மஞ்சளும் உண்டு. வைகாசி, ஆனியில் நட்டால் தையில்தான் வெட்டு. பொங்கலுக்குப் பானையில் கட்டுகிற மஞ்சள் கொத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு நடப்பதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கொப்பரையில் தண்ணீர் ஊற்றி, காய்ந்த மஞ்சள் தாளையே எரித்துக் கிழங்கை வேக வைப்பார்கள். நுரை கட்டி ஒரு மணம் எழும்பும். ஈர்க்குச்சியால் குத்தினால் சுலபமாக இறங்க வேண்டும். அப்புறம் களத்தில் பத்துப் பதினைந்து நாள் காய்ச்சல். அதற்கப்புறம் டிரம்மில் போட்டுச் சுற்றிப் பாலீஷ். ஐந்து கிலோ பச்சை மஞ்சள் கடைசியில் ஒரு கிலோ ஆகும். என் அப்பா இதைத்தான் செய்துகொண்டிருந்தார். அவரைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

2024ஆம் வருஷம் மே மாதம், எங்கள் நிறுவனம் வாங்கவிருந்த ஓர் இயந்திரத்தைச் சரிபார்க்க என்னைத் துருக்கிக்கு அனுப்பினார்கள். கொன்யா என்ற ஊர். மாவு ஆலை இயந்திரம் செய்வதில் பேர் போன இடம். நம் பக்கத்தில் லாரிக்குப் பாடி கட்ட நாமக்கல் என்றால், அங்கே மாவு மில்லுக்குக் கொன்யா. நான்கு நாளில் வேலை முடிந்தது. அதிவேக ரயிலில் இஸ்தான்புல் வந்து சேர்ந்தேன். மும்பைக்கு விமானம் இரவில்தான். கையில் ஒரு முழுப் பகல் இருந்தது.

எங்கே போகலாம் என்று விடுதிக்காரரைக் கேட்டேன். அவர் ஒரு பெயரை எழுதிக் கொடுத்தார்: மிசிர் சார்ஷிசி. அதைச் செல்போனில் மொழிபெயர்த்துப் பார்த்தால், "சோளச் சந்தை" என்று வருகிறது! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாமக்கல்காரன் இத்தனை தூரம் பறந்து வந்து, கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் விலை விசாரிக்கவா போக வேண்டும்? அப்புறம்தான் விவரம் தெரிந்தது. துருக்கி மொழியில் "மிசிர்" என்றால் மக்காச்சோளம் என்றும் பொருள், எகிப்து நாடு என்றும் பொருள். இது எகிப்துச் சந்தை. கீழை நாட்டுச் சரக்கு செங்கடல் வழியாக எகிப்துக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி இஸ்தான்புல் வந்து இறங்கிய காலத்துப் பெயர் அது.

டிராமில் ஏறி எமினோனு என்ற இடத்தில் இறங்கினேன். எதிரே கடல். கலாத்தா பாலத்தின் இரண்டு பக்கமும் வரிசையாகத் தூண்டில் போட்டுக்கொண்டு ஆட்கள் நிற்கிறார்கள். இந்தப் பக்கம் "யெனி ஜாமி" என்கிற பெரிய பள்ளிவாசல், அதன் முன்னால் புறாக் கூட்டம். பள்ளிவாசலை ஒட்டி, 'எல்' எழுத்து வடிவில் வளைந்த ஒரு நீண்ட கல் கட்டடம். அதுதான் சந்தை. 1660களில் சுல்தானின் தாயார் துர்ஹான் சுல்தான், பள்ளிவாசலைக் கட்டி முடித்தபோது இதையும் சேர்த்துக் கட்டினார். கடைகளின் வாடகையில் பள்ளிவாசலைப் பராமரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நம் ஊரில் கோயிலுக்கு நிலம் எழுதி வைப்பார்கள் அல்லவா, அந்த மாதிரி இங்கே கடை. முந்நூற்று அறுபது வருஷமாகியும் வியாபாரம் நடந்துகொண்டே இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் முதலில் மூக்குத்தான் வேலை செய்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் லீ பஜார்ப் பக்கம் நடந்தவர்களுக்குத் தெரியும். மிளகாய் வற்றல் மூட்டை இறங்கும்போது தும்மல் வரும். அதே தும்மல் இங்கேயும் வந்தது. ஆனால் அதோடு காபி வறுக்கும் வாசம், ரோஜா இதழ் வாசம், காய்ந்த அத்திப்பழ வாசம் எல்லாம் கலந்திருந்தன. வளைவுக் கூரை. இரண்டு பக்கமும் கடைகள். கடை வாசலில் தூள்களைக் கோபுரம் கோபுரமாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். சிவப்பு, கருஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள். திருவிழாவில் குங்குமக் கடை போட்டது போல இருந்தது.

நான் பை கையுமாக, எதையும் வாங்கும் எண்ணம் இல்லாமல் ஒவ்வொரு கடையாக நின்றேன். "இது என்ன?" என்று கேட்டுக்கொண்டே போனேன். சுமாக் என்று ஒரு தூள். ஒரு செடியின் சிவந்த பழத்தைக் காய வைத்து இடித்தது. நாக்கில் வைத்தால் புளிப்பு. நாம் புளி கரைத்து ஊற்றும் இடத்தில் அவர்கள் இதைத் தூவிக்கொள்கிறார்கள். நம் புளியும் அங்கே கிடைக்கிறது. அதற்குப் பெயர் "டெமிர்ஹிந்தி". "தமர் ஹிந்தி", அதாவது இந்தியப் பேரீச்சம்பழம் என்ற அரபிச் சொல்லின் திரிபு. அதைக் கரைத்துச் சர்பத் செய்கிறார்களாம். நாம் ரசம் வைக்கிறோம், அவர்கள் சர்பத் குடிக்கிறார்கள்.

இன்னொன்று கேளுங்கள். மிளகுக்கு அங்கே "கராபிபர்", கறுப்புப் பிபர். மிளகாய்க்கும் அதே "பிபர்" தான், சிவப்பு என்று ஓர் அடைமொழி சேர்த்துக்கொள்கிறார்கள். நாம் என்ன செய்தோம்? மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பஸ் பயணத்துக்குப் பிறகு போர்ச்சுகீசியர் வழியாக நமக்கு வந்தது. புதிதாக வந்த உறைப்புக் காய்க்குப் பேர் வேண்டும். கையில் இருந்த "மிளகு" என்ற சொல்லோடு "காய்" சேர்த்து "மிளகாய்" என்றோம். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கிற இரண்டு ஊர்க்காரர்கள், ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே யோசனை செய்திருக்கிறார்கள். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஒரு கடைப் பலகையைப் பார்த்தபோது பிடிபட்டது.

குங்குமப்பூ விற்கிற ஒரு கடையில், ஒரு பையன் இரண்டு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி வித்தை காட்டினான். ஒன்றில் அசல், இன்னொன்றில் குசும்பப்பூ. குசும்பப்பூவைத்தான் விவரம் தெரியாதவர்கள் தலையில் குங்குமப்பூ என்று கட்டுவார்களாம். அசல், சாயத்தை மெதுவாக விடுகிறது, இழை சிவப்பாகவே நிற்கிறது. ஒரு கிலோ குங்குமப்பூவுக்கு ஒன்றரை லட்சம் பூ பறிக்க வேண்டும். "அவசரப்பட்டு நிறம் விடுகிற எதையும் நம்பாதே" என்றான் பையன். எனக்கு அப்போது அது குங்குமப்பூவைப் பற்றிய பேச்சாகத்தான் தோன்றியது.

மதியம் நெருங்கியதும் சந்தையின் பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே வந்தேன். உள்ளூர்க்காரர்கள் வாங்குவது வெளியே இருக்கும் சந்துகளில்தான். ஒரு முனையில் 1871லிருந்து நடக்கும் காபித் தூள் கடை. சுடச்சுட அரைத்துக் கொடுப்பதற்கு நீள வரிசை. நம் ஊரில் ஏற்காட்டுக் கொட்டையை வறுத்து அரைக்கும் கடை முன்னால் போய் நின்றாற்போல் இருந்தது. இன்னொரு பக்கம் செடி, விதை, பறவை விற்கும் இடத்தில் கண்ணாடி ஜாடிகளில் அட்டைப் பூச்சிகளை விற்கிறார்கள்! நம் சித்த மருத்துவத்தில் அட்டை விடுதல் என்று ஒரு சிகிச்சை உண்டு. அங்கேயும் அந்த வழக்கம் இருக்கிறது.

அந்தச் சந்தில்தான் ஒரு சின்னக் கடை. வெளியே கோபுரமும் இல்லை, கூப்பிடுகிற பையனும் இல்லை. எழுபது வயசுப் பெரியவர் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து, இடுப்புக் குறுகிய கண்ணாடித் தம்ளரில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அங்கே முன்பின் தெரியாதவரையும் முறை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். வயதில் கொஞ்சம் மூத்தவர் என்றால் "அபி", அண்ணன். இன்னும் மூத்தவர் என்றால் "அம்ஜா", அதாவது அப்பாவின் தம்பி அல்லது அண்ணன். நானும் "அம்ஜா" என்றேன். மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் ஒரு தேநீர் வந்தது.

அவர் கடையில் மஞ்சள் தூள் இருந்தது. அதற்கு அவர்கள் பெயர் "ஸெர்தேச்சால்". பாரசீகத்திலிருந்து வந்த சொல். மஞ்சள் குச்சி என்று அர்த்தம். "ஹிந்த் சஃப்ரானி", இந்தியக் குங்குமப்பூ என்றும் சொல்வார்களாம். எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டேன். "ஹிந்திஸ்தான்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். தெரியாத இடத்தில் செல்போன் மொழிபெயர்ப்பு. புள்ளிவிவரத்தை எடுத்து விட்டேன். உலகத்து மஞ்சளில் எழுபத்தைந்து விழுக்காட்டுக்கு மேல் இந்தியாவில்தான் விளைகிறது, 2022-23இல் மட்டும் 11.61 லட்சம் டன் என்றேன். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்றேன். என் அப்பாவே மஞ்சள் போட்டவர், நானோ தூள் அரைக்கும் இயந்திரத்தில் பொறியாளர் என்று முடித்தேன்.

பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்படியானால் சொல், நல்ல மஞ்சளை எப்படிக் கண்டுபிடிப்பாய்?"

"குர்குமின் அளவைப் பார்க்க வேண்டும். மூன்று விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் நல்லது" என்றேன்.

"அது காகிதம் சொல்வது. உன் கையும் கண்ணும் என்ன சொல்லும்?"

நான் விழித்தேன். எத்தனை குதிரைத் திறன் மோட்டார் போட்டால் மணிக்கு எத்தனை கிலோ அரைபடும், தூளின் துகள் எத்தனை மைக்ரான் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒரு விரலி மஞ்சளைக் கையில் கொடுத்து நல்லதா, கெட்டதா என்றால் எனக்குத் தெரியாது. மஞ்சள் களத்தில் விளையாடி வளர்ந்த எனக்குத் தெரியாது.

"எனக்குத் தெரியாது அம்ஜா. அப்பாவுக்குத்தான் தெரியும்" என்றேன்.

"அப்பா இருக்கிறாரா?"

"இருக்கிறார்."

"பிறகென்ன? கூப்பிடு" என்றார், ஏதோ பக்கத்துக் கடையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி.

நண்பர்களே, நான் உடனே கூப்பிடவில்லை. தேநீர்த் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம் இருக்கிறது. எனக்கும் அப்பாவுக்கும் நடுவே பன்னிரண்டு வருஷமாக மஞ்சளைப் பற்றி ஒரு பேச்சும் கிடையாது.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2010 கடைசியில் மஞ்சள் விலை எப்படி ஏறியது என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். குவிண்டால் பதினேழாயிரம் வரை தொட்டது. மஞ்சளைப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்று வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்கள். அப்பா அந்த வருஷம் ஒன்றேகால் ஏக்கர் போட்டிருந்தார். 2011 மாசியில் வேக வைத்து, காய வைத்து, இருபத்தெட்டுக் குவிண்டால் தேறியது. அப்போது விலை கொஞ்சம் இறங்கி, குவிண்டாலுக்குப் பத்தாயிரத்துக்குச் சற்று மேலே கேட்டார்கள். விற்றுவிட்டுப் புதிதாகப் போர் போடுவதாகத் திட்டம். இருந்த போரில் தண்ணீர் கீழே போய்விட்டது.

நான் புதுசாக வேலைக்குப் போன பொறியாளன். விடுமுறைக்கு வந்தவன், கம்ப்யூட்டரைத் திறந்து, இரண்டு வருஷ விலையைப் போட்டு ஒரு கோடு வரைந்தேன். கோடு மேலே மேலே போனது. "அப்பா, இப்ப வித்துடாதீங்க. ஆடிக்குள்ள இருபதாயிரம் தாண்டும். இந்தக் கோட்டைப் பாருங்க" என்றேன். அப்பா கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி கண்ணு" என்று சொல்லி மூட்டையை அட்டாரியில் ஏற்றிவிட்டார்.

எண்முறைக் கணித வகுப்பில் நமக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? தரவுக்கு உள்ளே மதிப்பைக் கண்டுபிடி, தப்பில்லை. தரவைத் தாண்டிக் கோட்டை நீட்டினால் ஜாக்கிரதை. அந்த வகுப்பில் நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். விலை ஏறியதைப் பார்த்து நாடு முழுக்க எல்லாரும் மஞ்சள் நட்டிருந்தார்கள். அந்த மகசூல் என் கோட்டில் இல்லை. ஆடியும் போனது, தீபாவளியும் போனது, விலை இறங்கிக்கொண்டே இருந்தது. 2012 மாசியில் நாலாயிரத்துச் சொச்சத்துக்கு விற்றோம். கணக்குப் போட்டால் ஒன்றரை லட்சத்துக்கு மேல் நஷ்டம். போர் போடவில்லை. எட்டு ஒன்பது மாசம் தண்ணீர் கேட்கிற பயிரை அதற்கப்புறம் எப்படிப் போடுவது? அப்பா மரவள்ளிக்கு மாறிவிட்டார். கொப்பரையை விற்றுவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று எத்தனையோ ராத்திரி நினைத்திருக்கிறேன்.

பெரியவர் விடவில்லை. "கூப்பிடு" என்று மறுபடி சொன்னார். கூப்பிட்டேன். அங்கே நடுப்பகல், நம் ஊரில் இரண்டரை மணி. அப்பா சாப்பிட்டுவிட்டுத் திண்ணைக் கட்டிலில் இருந்தார். திரையில் தலைகீழாக ஒரு வேட்டி தெரிந்து, பிறகு முகம் வந்தது.

"அப்பா, இங்க ஒரு மஞ்சக் கடைல நிக்கறேன். நல்ல மஞ்சள எப்படிப் பாக்கறதுன்னு இந்தப் பெரியவர் கேக்கறாருங்க" என்றேன்.

ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. அப்புறம், "தூள வெச்சு என்னத்தச் சொல்றது? தூளு ஆர் வேணாலும் எப்படி வேணாலும் பண்ணலாம். விரலி இருக்குதான்னு கேளு" என்றார்.

கேட்டேன். பெரியவர் எழுந்து, மேல் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை இறக்கினார். முழு விரலி மஞ்சள். ஒன்றை எடுத்துத் திரை முன்னால் காட்டினார்.

"ஒடைக்கச் சொல்லு. போன அதும்பக்கத்துல வை."

பெரியவர் உடைத்தார்.

"கேக்கல. இன்னொருக்கா."

இன்னொன்றை உடைத்தார். சந்தில் தள்ளுவண்டி போகும் சத்தம், யாரோ விலை கூவும் சத்தம், அதற்கு நடுவில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

"காய்ச்சல் பத்தல. நல்லாக் காஞ்ச மஞ்ச, ஒடைச்சா வெங்கலத்தத் தட்டுன மாதிரி 'கணீர்'ங்கும். இது ஈரத்த இழுத்திருக்குது. இப்ப ஒடைச்ச வாயக் காட்டு."

காட்டினேன். அப்பா திரைக்கு மிக அருகில் வந்தார். அவர் கண் மட்டும் தெரிந்தது.

"நெறம் நடுவு வரைக்கும் ஒரே மாதிரி இருக்குது பாரு. வேக்காடு சரியாப் பண்ணியிருக்காங்க. வேக்காடு தப்புனா வட்டம் வட்டமாத் தெரியும். கெழங்கு நல்லா முத்துனதுதான். வெச்ச எடந்தான் சரியில்ல. டப்பாவத் தொறந்து தொறந்து மூடறாராட்ட இருக்குது. அவரக் கோணிப்பைல போட்டு, ஈரம் ஏறாத எடத்துல வெக்கச் சொல்லு."

நான் மொழிபெயர்த்தேன். பெரியவர் டப்பாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு வலது கையை நெஞ்சில் வைத்து, திரையைப் பார்த்துத் தலை குனிந்தார். அவர்கள் மரியாதை செய்யும் விதம் அது. அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிடு போட்டார். இருவரும் அதற்கப்புறம் இருபது நிமிஷம் பேசினார்கள், நான் நடுவில் துபாஷி. எத்தனை மாசத்துப் பயிர், தண்ணீர் எவ்வளவு, விலை என்ன என்று அவர் கேட்டார். கடை வாடகை எவ்வளவு, மழைக் காலத்தில் சரக்கை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள் என்று இவர் கேட்டார். பள்ளிக்கூடம் ஐந்தாவது வரை போன என் அப்பா, இஸ்தான்புல் வியாபாரிக்குக் கிடங்கு வைப்பது எப்படி என்று பாடம் நடத்தினார். பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் வந்து நின்று கேட்டார்கள்.

விலைப் பேச்சு வந்ததால் ஒரு கணக்கையும் சொல்கிறேன், பொறியாளன் அல்லவா. 2022-23இல் இந்தியா ஏற்றுமதி செய்தது சுமார் 1.53 லட்சம் டன், மதிப்பு 20 கோடியே 74 லட்சம் டாலர். வகுத்துப் பார்த்தால் கிலோவுக்கு ஒன்றே கால் டாலரைச் சற்றுத் தாண்டும். நம் பணத்தில் நூற்றுப் பத்து ரூபாய் போல. அந்தப் பெரிய சந்தையின் உள்ளே நூறு கிராம் தூளுக்கு என்னிடம் கேட்ட விலையே ஏறக்குறைய நூற்றைம்பது ரூபாய். நடுவில் கப்பல், அரைப்பு, வரி, வாடகை, கெட்டுப் போகும் சரக்கு எல்லாம் இருக்கின்றன. யாரையும் திருடன் என்று சொல்ல வரவில்லை. சரக்கின் தரத்தைத் தெரிந்தவன் கிராமத்தில் இருக்கிறான், தரத்துக்கு விலை வைப்பவன் வேறெங்கோ இருக்கிறான். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சுவார்த்தை இல்லை என்பது அந்த இருபது நிமிஷத்தில் எனக்கு உறைத்தது.

சாயங்காலம் வரை அந்தக் கடையிலேயே இருந்தேன். கிளம்பும்போது பெரியவர், அப்பா சோதித்த மஞ்சளில் மிச்சமிருந்த விரலியில் ஒன்றைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

ஊருக்கு வந்ததும் அதை அப்பாவிடம் கொடுத்தேன். மோந்து பார்த்தார். "நம்ம சீமையுதா இருக்குமோ?" என்று அவரே கேட்டுக்கொண்டு, "சொல்ல முடியாது" என்று அவரே பதிலும் சொன்னார். திண்ணையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டு வருஷமாக வராத வார்த்தை அப்போது வந்தது. "அப்பா, அன்னைக்கு நான் வெக்கச் சொன்னது தப்புங்க" என்றேன்.

அப்பா அந்த மஞ்சளை விரலில் உருட்டிக்கொண்டே சொன்னார்: "நீ சொன்னியேன்னா வெச்சேன்? எனக்கும் ஆசைதான் கண்ணு. பதினேழாயிரத்தப் பாத்த மனசு பத்தாயிரத்துக்கு எறங்க மாட்டேன்னுருச்சு. செடி எல்லாப் பக்கமும் நட்டுக் கெடக்குது, வெல உளுகும்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் வெச்சேன். உங்கம்மாகிட்ட 'பையன் சொன்னான்'னு சொல்லிப்போட்டேன். நீ தப்புன்னு நெனச்சுக்கிட்டே திரியறதும் தெரியும். நானும் சும்மா இருந்துட்டேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று இன்றைக்கும் தெரியவில்லை. விலை விழும் என்று தெரிந்த மனிதர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் கோட்டை நீட்டுவதற்கு முன்னால், "நீங்க என்ன நெனக்கறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் ஆசையை அடக்க ஒரு வழி கிடைத்திருக்கும். அந்த ஒரு கேள்வியின் விலை ஒன்றரை லட்சம் ரூபாயும் பன்னிரண்டு வருஷ மௌனமும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்காக இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

1995இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, காயத்துக்கு மஞ்சள் போடுவதற்குக் காப்புரிமை கொடுத்தார்கள். நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து வழக்காடி, 1997இல் அது ரத்தானது. எதை வைத்து ஜெயித்தார்கள்? பழைய நூல்களிலும் ஆராய்ச்சி இதழ்களிலும் அது ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது என்று காட்டி. பாட்டிக்குத் தெரியும் என்று சொன்னால் மட்டும் போதவில்லை. எழுத்தில் இருந்ததால் பிழைத்தோம். என் அப்பா கேட்ட அந்தக் 'கணீர்' சத்தம் எந்த ஏட்டில் எத்தனை அளவுகளோடு இருக்கிறது?

ஆகவே இரண்டாவது விஷயம். காய்ந்த மஞ்சளில் ஈரம் பத்து விழுக்காட்டு அளவில் இருக்க வேண்டும் என்று நாம் படிக்கிறோம். காது அதைச் சத்தத்தில் கேட்கிறது. உங்கள் செல்போனில் மைக்ரோபோன் இருக்கிறது. வெவ்வேறு ஈரத்தில் விரலியை உடைத்து, சத்தத்தைப் பதிவு செய்து, ஈரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஓர் அருமையான இறுதியாண்டுத் திட்டம். அனுபவசாலியின் காது சரியா, நம் கருவி சரியா என்று தெரிந்துவிடும். காது தப்பென்று வந்தாலும் அதுவும் ஒரு முடிவுதான். செவ்வாய்க்கிழமை நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் ஏலம் நடக்கும். குவியலில் ஒரு விரலியை எடுத்து உடைத்துப் பார்த்து விலை எழுதுகிறவர்களை அங்கே பார்க்கலாம். காலையிலேயே போங்கள், அவசரமில்லாமல் நில்லுங்கள், கேளுங்கள். நான்கு மாணவர்கள் முன்வந்தால் செலவு என்னுடையது. சங்கச் செயலாளரிடம் பேர் கொடுங்கள். என் அப்பா முதல் ஆசிரியராக வரச் சம்மதித்திருக்கிறார். சம்பளமாக மெஸ்ஸில் ஒரு வேளைச் சாப்பாடு கேட்டார். சாம்பாரைப் பற்றி நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

2024இல் மஞ்சள் விலை மீண்டும் பதினைந்தாயிரத்தைத் தாண்டியது. இந்த முறை நான் கோடு எதுவும் வரையவில்லை. "போடலாமுங்களா?" என்று அப்பாவைக் கேட்டேன். "தண்ணிக்கு வழி பண்ணிட்டு யோசிக்கலாம். முதல்ல அரை ஏக்கர்" என்றார். போர் போட்டாயிற்று. அரை ஏக்கர் நட்டாயிற்று. அந்த இஸ்தான்புல் விரலி இப்போதும் எங்கள் வீட்டு மாடத்தில் இருக்கிறது. அதை உடைக்க அப்பா யாரையும் விடுவதில்லை.